எந்தக் கரையில் இறங்குவது?



ஓகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "திருகோணமலைக்குப் போகிறோம், பிள்ளைகளோடு எந்தக் கடற்கரையில் இறங்கலாம்?" இம்முறை ஒரு தாய், தன் வீட்டில் யார் யார் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார். 4 வயது மகள், 13 வயது மகன், முழங்கால் வலியோடு மாமியார், பிறகு அவரும் கணவரும். இப்படிக் கேட்டால்தான் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும். கடற்கரையைத் தேடுவதற்கு முன் வாகனத்தில் ஏறப்போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஆகச் சின்னவருக்கும் ஆக வயதானவருக்கும் எது சரிப்படுமோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை கவலையில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை திருகோணமலைக் கடல் படுத்துக் கிடக்கும். கொழும்பு, காலிப் பக்கம் கடலைக் குமுற வைக்கும் தென்மேல் பருவக்காற்று, மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, இங்கே வறண்ட கச்சான் காற்றாக வந்து சேர்கிறது. தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரம் பெரிய அலை எழும்பாது. வாடைக் காற்று தொடங்கியதும், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, இதே கடலுக்கு வேறு முகம். அப்போது கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, மலையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

கச்சானில் ஓர் ஆபத்தும் உண்டு, அதைப் பலர் நினைப்பதில்லை. காற்றடைத்த டியூபிலும் பிளாஸ்டிக் வாத்திலும் பிள்ளையை இருத்தி விடுகிறோம். அலையில்லாத கடல்தானே என்று நாம் பார்த்துக்கொண்டிருக்க, காற்று அதை மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு போகும். கடல் எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது நகர்வது நமக்குத் தெரியாது. டியூபில் ஒரு கயிறு கட்டி, அந்தக் கயிற்றைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தங்குவதற்கு என் தெரிவு உப்புவெளி. நகரத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர்தான். பஸ்ஸும் ஓட்டோவும் எந்நேரமும் உண்டு. மருந்தோ பால்மாவோ வேண்டுமென்றாலும் அலைய வேண்டியதில்லை. விடுதிகள் மணலிலேயே நிற்கின்றன. அம்மம்மாவோ அப்பம்மாவோ விறாந்தையில் கதிரை போட்டிருந்து பேரப்பிள்ளைகள் குளிப்பதைப் பார்க்கலாம், களைத்தால் உள்ளே போய்ப் படுக்கலாம். வயதானவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும்போது இந்த ஒரு வசதி போதும்.

காலையில் நேரத்தோடு எழும்பினால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். வள்ளம் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வந்திருக்கும். கரையில் இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை ஆட்கள், கயிற்றை இறுகப் பிடித்துப் பின்பக்கமாகவே அடிவைத்து நடப்பார்கள். பின்னால் கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீரோரம் மறுபடி பிடிப்பார். வலை கிட்ட வர வர இரண்டு வரிசையும் நெருங்கும், குரலும் கூடும். மடி மணலைத் தொட்டதும் நெத்தலியும் சூடையும் துடிக்கிற சத்தம் கேட்கும். அந்த நேரம் பிள்ளைகள் கயிற்றைத் தாண்டாமல் தள்ளி நிற்கட்டும். அது அந்த மனிதர்களின் வேலைத்தலம். முடிந்த பிறகு வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டு மீன் வாங்குங்கள்.

4 வயதுச் சின்னவருக்கு ஒரு காலைப் பொழுதை மார்பிள் பீச்சுக்கு ஒதுக்கலாம். சீனக்குடாப் பக்கம், விமானப்படையின் பொறுப்பில் இருக்கும் சிறிய குடா அது. வாசலில் கட்டணம் கட்ட வேண்டும். இருபக்கமும் மேட்டு நிலம் அணைத்திருப்பதால் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல இருக்கும். சனி, ஞாயிறில் கூட்டம். கிழமை நாளில் போங்கள்.

நிலாவெளி உப்புவெளிக்கும் வடக்கே, நகரத்திலிருந்து 15 கிலோமீற்றர் அளவில். அகன்ற வெண்மணல், அழகில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் நிழல் குறைந்த இடம். பத்து மணிக்குப் பிறகு மணலில் வெறுங்காலோடு நடக்க ஏலாது. 13 வயதுக்காரனைத் தகப்பன் அங்கே கூட்டிப்போகட்டும். எதிரே ஒரு கிலோமீற்றரளவில் புறாத்தீவு. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நுழைவுச்சீட்டு வாங்கி, படகில் காலையிலேயே போய்விட வேண்டும். முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் வைத்தால் முருகைக்கற்களும் மீன் கூட்டங்களும், அதிர்ஷ்டமிருந்தால் செட்டையில் கறுப்பு முனையுள்ள சிறு சுறாக்களும் தெரியும். அவை ஆளைக் கண்டால் விலகிப்போகும். முருகைக்கல்லில் காலூன்ற வேண்டாம், அது உயிருள்ளது. உடைந்தால் வளர ஆண்டுக்கணக்காகும். செத்த துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். அந்தத் தீவின் கரையே முருகைக்கல் நொறுங்கல்தான், பிஞ்சுக் காலுக்கு ஆகாது. ஆகவே சின்னவரைக் கொண்டுபோக வேண்டாம்.

நகரத்தோடு ஒட்டிய டச்சுக்குடாவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க அல்ல, நடக்க. இறால் வடை வாங்கித் தின்றபடி கோட்டைப் பக்கம் போனால் மான்கள் தாமாகவே எதிரே வரும்.

இனி, பெற்றோருக்கு மட்டும். நம்மில் நாற்பது தாண்டிய பலர் போர்க்காலத்தில் வளர்ந்தவர்கள். கடல் இருந்தது, இறங்க விடவில்லை. அதனால் நீச்சலும் தெரியாது, கடலின் குணமும் தெரியாது. இப்போது பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக இறங்குகிறோம். ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் கிடந்தால், அது குளிக்க நல்ல இடமல்ல. தண்ணீர் வெளியே ஓடும் வழி அது. அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுவை விட்டுவிடும். இறங்கும் முன் வாடியில் இருக்கும் மீனவர் ஒருவரிடம் "அண்ணை, இதில குளிக்கலாமோ?" என்று கேளுங்கள். அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் அங்கே யாருமில்லை.

தாய்மாரும் தண்ணீரில் இறங்க வேண்டும். செருப்புக்கும் துவாய்க்கும் காவலிருந்தே அம்மாவின் விடுமுறை கழியக்கூடாது. முறை வைத்துக் காவலிருங்கள். பெண்கள் உடுப்பு மாற்றவும் நல்ல தண்ணீரில் குளிக்கவும் துப்புரவான இடம் எந்தக் கடற்கரையில் இருக்கிறது, எதில் இல்லை என்பதை இந்த விடுமுறைக்குப் போய்வந்ததும் எழுதியனுப்புங்கள். கிடைப்பதையெல்லாம் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்