புதிதாய்ச் செய்த எஞ்சின்



மாவனல்லையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். வண்டி நீலப் புகை கக்கி, ஒயில் குடித்து, கடைசியில் கராஜில் நின்றுவிட்டது. இவருடைய காப்புகள் அடகுக்குப் போயின. மீதிக்கு நானாவிடம் கைமாற்று. சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டு வண்டி வீடு வந்திருக்கிறது. "ஆயிரம் கிலோமீற்றர் வரைக்கும் அதிக பாரம் ஏற்ற வேண்டாம், கடுகண்ணாவ ஏற்றம் வேண்டாம் என்கிறார் கராஜ் பாஸ். கண்டி ஹயர்தான் எங்கள் பிழைப்பு. தவக்குல் வைத்து ஓடச் சொல்லவா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பாஸ் சொல்வதுதான் இங்கே கயிறு.

கடைந்த சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இருக்கும். ஒயிலைப் பிடித்து வைக்கவே அப்படிச் செய்கிறார்கள். புது ரிங் அந்தச் சுவரோடு உரசி, அதற்கேற்பத் தேய்ந்து பொருந்த வேண்டும். அதற்குள் நிறைந்த பாரத்தோடு மலையேறினால் சூடு மிஞ்சும். பிஸ்டன் சுவரில் இறுகிவிடலாம். அப்புறம் காப்பும் இல்லை, எஞ்சினும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு, பலருக்கு இது தெரியாது. பயந்துகொண்டு எஞ்சினை வீட்டு வாசலில் மணிக்கணக்காக வெறுமனே ஓட விடுவதும் கெடுதி. எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு தள்ளுகிறது. வேலையே கொடுக்காவிட்டால் சுவர் கண்ணாடி போல வழவழத்து, ரிங் பொருந்தாமலே போகும். பழையபடி ஒயில் குடிக்கும்.

ஆகவே வண்டி ஓட வேண்டும், அளவோடு. சமதரையான வீதி, ஓரிருவர் மட்டும். கையை அரைவாசிக்கு மேல் முறுக்காமல், ஒரே வேகத்திலும் போகாமல், கூட்டிக் குறைத்து ஓட்டட்டும். பெரிய கியரில் திணறவும் விடக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறைய ஏற்றும் ஹயரைச் சில கிழமைகளுக்கு இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் புகை வரலாம். தட்டும் சத்தமோ மிகுந்த சூடோ தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

வருமானம் குறையும், உண்மைதான். மாலையில் வந்தவரிடம் "இன்றைக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டால், நாளைக்கு அவர் கடுகண்ணாவையில்தான் நிற்பார். எஞ்சினைக் காப்பதில் வீட்டுப் பெண்ணுக்கும் பங்குண்டு என்று நான் சொல்வது இதனால்தான். நானாவிடம் இப்போதே போய் ஒரு மாதத் தவணை கேளுங்கள். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி ஸூரத்துல் பகராவின் 280ஆவது ஆயத் சொல்வது அவருக்கும் தெரிந்திருக்கும். (காப்பு வட்டிக்கு அடகு போயிருந்தால், அதை மீட்பதே முதல் வேலை. அது பற்றி வேறொரு மாதம்.)

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் எத்தனை குடும்பங்கள் பழைய வண்டியைச் செய்து செய்தே பிழைத்தன! இப்போதும் புது வண்டி எல்லோர் கைக்கும் எட்டுவதில்லை.

இன்னொன்று. உங்களுடையது நான்கு ஸ்ட்ரோக் வண்டியென்றால், முதல் ஒயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். தேய்ந்த இரும்புத் துகள் அதில்தான் கலந்திருக்கும். எத்தனை கிலோமீற்றரில் என்று பாஸிடம் கேட்டு, அந்தக் காசை அரிசிக் காசோடு சேர்க்காமல் இன்றே தனியாக முடிந்து வையுங்கள்.