பிரேக் வேலையை வீட்டில் செய்யலாமா?



"எதை வேணா கழட்டு, பிரேக்குல மட்டும் கை வைக்காதே" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். உயிர் விஷயம், பயம் நியாயமானதுதான். ஆனாலும் பின்சக்கரக் காலிப்பரின் பிஸ்டனை மாற்றும் வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம், ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கும் நாம் செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

அம்பாசடர் முதல் ஆல்டோ வரை நம் ஊர் கார்களில் பின்னால் டிரம் பிரேக்தான். பின்னாலும் டிஸ்க் உள்ள பெரிய கார்கள் இப்போது பழசாகி, கை மாறி, வாடகை ஓட்டுபவர்களிடம் வந்து சேர்கின்றன. என் அப்பா ஓட்டுவதும் அப்படி ஒரு வண்டி. ஓடி நின்றால் பின் வலது சக்கரம் மட்டும் அனலாய்ச் சுடும். பிஸ்டன் துருப்பிடித்து, திரும்ப வராமல், பேடை டிஸ்க்கோடு அழுத்திக்கொண்டே இருந்தது. பெரிய ஒர்க்ஷாப்பில் இரண்டு காலிப்பரையும் மாற்றச் சொன்னார்கள். அப்பாவின் ஒரு மாத வருமானம்! தெருமுனை மெக்கானிக் அண்ணனோ, "எமரி பேப்பர்ல தேச்சு, பெட்ரோல்ல கழுவிப் போட்டா ஓடும் தம்பி" என்றார்.

எனக்கு இரண்டுமே சம்மதமில்லை. பிஸ்டன் மேல் இருப்பது மெல்லிய குரோம் பூச்சு. தேய்த்தால் அது போய்விடும், துரு மறுபடி வரும். பெட்ரோல் அதைவிட மோசம். பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, சதுர வெட்டுள்ள ரப்பர் சீல். அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து வளைந்து, விட்டதும் நிமிர்கிறது. மயிரிழை அளவு நகர்வு, அவ்வளவுதான். பெட்ரோல், டீசல், சாதா கிரீஸ் பட்டால் இந்த ரப்பர் உப்பிப்போகும். அப்புறம் பிஸ்டன் எப்படித் திரும்பும்? புது பிரேக் ஆயிலால்தான் கழுவணும். சிலிண்டர் சுவரே துருவால் குழி விழுந்திருந்தால் மட்டும் ஒர்க்ஷாப்காரர் சொன்னது சரி, காலிப்பரைத்தான் மாற்றணும். எங்களுக்குக் குழி இல்லை. பிஸ்டன், சீல், தூசி பூட் மூன்றும் புதிதாக வாங்கினோம்.

பின்சக்கர வேலைக்கு ஹேண்ட்பிரேக்கை விட்டாகணும். அதனால் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம், பாரத்தில் நொறுங்கும். ஹேண்ட்பிரேக்கோடு சேர்ந்த காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே இறக்கணும். முன்சக்கரப் பழக்கத்தில் கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளே உள்ள மரை போச்சு. எந்தப் பக்கம் திருகுவது என்பதற்கு அந்த வண்டியின் புத்தகத்தைப் பார்க்கணும்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் பெடலை மிதித்தது அம்மா! "மிதி, அப்படியே பிடி" என்பேன். நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் "விடு" என்பேன். பெடல் கல் மாதிரி நிற்கும்வரை அம்மா சலிக்கவே இல்லை.

பிரேக் ஆயில் டப்பாவைப் பற்றி ஒன்று. டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் 140 டிகிரி தாங்கினாலே தேர்ச்சி. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைவரை போகும். அதனால் எப்போதோ திறந்து வைத்த டப்பாவைத் தொடக் கூடாது. டப்பாவில் இதெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த அப்பாவால் அதைப் படிக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். நான் படித்துச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

பாஸ்கல் விதியைப் பத்து மார்க்குக்கு எழுதினோம். காலிப்பர் படமும் வரைந்தோம். ஒருவராவது லேபில் அதைப் பிரித்துப் பார்த்தோமா? வரும் ஆண்டில் ஒரு பழைய காலிப்பரைப் பிரித்துக் காட்ட யூனியன் ஏற்பாடு செய்ய வேண்டும். துருப்பிடித்த பிஸ்டன் ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்.