ஐந்தாவது ஆள்



சுயநலத்தை மனதின் பாவமாக மட்டுமே எண்ணுகிறோம். நமது சிவகாசி வட்டாரத்திலோ அதை எண்ணியே பார்க்கலாம். பட்டாசு அறையொன்றில் 4 பேருக்கு மேல் அமர்த்தலாகாது என்பது விதி. தீபாவளி நெருங்குகையில் இலாபத்திற்காக ஐந்தாவது ஆளையும் அமர்த்துவதே சுயநலம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு ஓடிய கிராமத்தாரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் தங்கள் உயிரையே பாராதவர்கள். நாமோ ஒருநாள் இலாபத்தைப் பார்க்கிறோம்.

ஆண்டவராயிருந்தும் இயேசு குனிந்து சீஷருடைய கால்களைக் கழுவினார் (யோவான் 13). முதலாளியாகவோ போர்மேனாகவோ இருக்கும் சகோதரரே, அந்த ஐந்தாவது இடத்தைக் காலியாக விடுவதே நீர் குனிவது. விபத்துக்குப்பின் அளிக்கும் உதவியைவிட அதுவே மேலான ஊழியம்.

கர்த்தர் நமக்குத் தாழ்மையைத் தருவாராக. ஆமென்.