இம்மனுவில் நாம் ஒப்பமிடோம்

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் இறுதி ஞாயிறு. வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாக் கொடி ஏறி இரு நாள்களே ஆகியிருந்தன. நீலமலையின் சிறு பங்கு ஒன்றில் அன்றைய திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டில், கடல்களுக்கு அப்பால் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் மாண்ட இரு பிள்ளைகளுக்காக நாம் மன்றாடினோம். ஒரு பிள்ளைக்கு வயது எட்டு, மற்றதற்குப் பத்து. அந்த ஆகஸ்டு 27ஆம் நாள் காலை, பள்ளி திறந்த முதல் வாரத்துத் திருப்பலியில் அவர்கள் தங்கள் தோழர்களோடு அமர்ந்திருந்தனர். ஆலயத்திற்கு வெளியே நின்ற ஒருவர் சன்னல்களின் வழியே உள்ளே சுட்டார். செபித்துக்கொண்டிருந்த குழந்தைகள் இருக்கைகளின் அடியில் ஒளிந்தனர்.

திருப்பலி முடிந்தது. ஆலய முற்றத்தில் தாள் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. அது மாவட்ட ஆட்சியருக்கு எழுதப்பட்ட மனு. காட்டுப்பன்றியும் காட்டெருமையும் கரடியும் யானையும் விளைவித்து வரும் அழிவை எடுத்துரைத்து, சிறு விவசாயிகளுக்குத் துப்பாக்கி உரிமம் தாராளமாக வழங்கப்பட வேண்டும் என அது கோரிற்று. சற்று முன் நம்மோடு மன்றாடிய அன்பர்களே அதில் வரிசையாக ஒப்பமிட்டுக்கொண்டிருந்தனர். நமது முறை வந்தபோது பேனாவை மூடிக்கொண்டோம். “ஏன்?” என்று வினவிய பெரியவருக்கு அங்கேயே விடை கூற இயலவில்லை. தூறல் வலுத்தது, பேருந்துக்கும் நேரமாயிற்று. அவருக்குத் தரவேண்டிய விடையே இக்கட்டுரை.

மனுவில் சொல்லப்பட்ட துயரம் பொய்யன்று. கேரட்டும் பீட்ரூட்டும் பயிரிட்டவர் ஓரிரவில் நிலம் முழுதும் உழுதாற்போல் கிடப்பதைக் கண்டு தலையில் கைவைத்து அமர்ந்திருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் விடியலில் வேலைக்குச் செல்வோர் யானைக்கு அஞ்சி அஞ்சியே அடியெடுத்து வைக்கின்றனர். 2014 சனவரியில் தொட்டபெட்டாப் பகுதியில் புலி ஒன்று மூவரைக் கொன்றபோது தேயிலை பறிக்கச் செல்லவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் மக்கள் நடுங்கிய நாள்கள் நினைவிலிருந்து அகலவில்லை. காட்டைப் பற்றி நகரத்திலிருந்து பாடம் நடத்துவோர் ஒரு முறை அவ்வழியே நடந்து பார்க்கட்டும். ஆயினும், துயரம் மெய் என்பதனாலேயே மருந்தும் மெய்யாகிவிடுமா?

மனு கேட்பதைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானையையும் புலியையும் கரடியையும் காட்டெருமையையும் தனி ஒருவர் தாமாகக் கொல்லுதல் குற்றம். கையில் துப்பாக்கி உரிமம் இருப்பினும் குற்றமே. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தவற்றை வனத்துறையினர் சுடலாம் எனத் தமிழக அரசு 2025 சனவரியில் அறிவித்தது. சுடும் அதிகாரம் துறையினருக்கே அன்றி நிலத்துக்காரருக்கன்று. காட்டோரத்திலேயே குடியிருக்கும் நம்மில் பலருக்கு அந்த மூன்று கிலோமீட்டர்க் கணக்கும் பயன்படாது; அது வேறொரு குறை. இந்நிலையில், உரிமம் பெற்று வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியால் விலங்கின்மேல் செய்யக்கூடியது யாது? வானத்தை நோக்கி ஒலி எழுப்பலாம். அதற்குப் பட்டாசு போதும். விலங்கைச் சுடலாகாத துப்பாக்கி வீட்டில் ஆண்டு முழுதும் இருக்குமானால், அது யாருக்காகக் காத்திருக்கும்?

“அமெரிக்காவையும் நம்மையும் ஒப்பிடுவதா? அங்கே குடும்பம் குலைந்தது, இறைப்பற்று தேய்ந்தது, மனநோய் மலிந்தது, அதனால் சுடுகின்றார்கள்” என்று முற்றத்தில் அப்பெரியவர் கூறினார். அந்நாட்டிலும் ஒவ்வொரு கொலைக்குப் பின்னரும் இவ்வாதமே ஓங்கி ஒலிக்கின்றது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் மாண்டபோதும், 2022இல் உவால்டேயில் பத்தொன்பது குழந்தைகளும் இரு ஆசிரியர்களும் மாண்டபோதும் இதுவே. காணொளி விளையாட்டு, திரைப்படம், தந்தையில்லா வீடு, செபமில்லாப் பள்ளி எனக் காரணங்கள் அடுக்கப்படும். துப்பாக்கி மட்டும் அந்த அடுக்கில் கடைசியில் வரும். அல்லது வராமலே போகும். மினியாப்பொலிஸில் செபமில்லாப் பள்ளி என்ற காரணத்தையும் சொல்ல வழியில்லை. அக்குழந்தைகள் செபித்துக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார்கள்.

மனநோய் எந்நாட்டில் இல்லை? சப்பானில் இல்லையா, இத்தாலியில் இல்லையா, நம் குன்னூரில் இல்லையா? நம் பங்குகளில் மனநோயுற்ற மகனையோ தங்கையையோ ஊரறியாமல் பேணிவரும் குடும்பங்கள் உண்டு. அந்நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை, தாக்கப்படுகின்றவர்களாகவே இருக்கின்றனர். துப்பாக்கியைக் காப்பாற்றுவதற்காக அவர்கள்மேல் பழி சுமத்துவது அன்பின் செயலன்று. நாட்டுக்கு நாடு வேறுபடுவது மனித உள்ளத்தின் கேடன்று. கைக்கு எட்டும் கருவியே. 2018இல் வெளியான சிற்றாயுத ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி அமெரிக்கக் குடிமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல். நூறு பேருக்கு நூற்றிருபது. இந்தியாவில் உரிமம் உள்ளவையும் இல்லாதவையும் சேர்த்து நூறு பேருக்கு ஐந்து. நம்மவர் அவர்களைவிடப் புனிதர் என்று இதற்குப் பொருளில்லை. அரிவாளால் நாம் ஆற்றும் வீரம் நாளேடுகளில் நாள்தோறும் வருகின்றதே!

“காயின் துப்பாக்கி கொண்டா ஆபேலைக் கொன்றான்?” என்று இன்னொருவர் மடக்கினார். இல்லை. ஆனால் காயின் கொன்றது ஒருவனை. சினம் தணியுமுன் வயலில் நின்றோர் அனைவரையும் வீழ்த்தும் கருவி அவனிடம் இல்லை. இருந்திருப்பின், அவனைப் பற்றிச் சொல்லவும் ஆள் எஞ்சியிருக்குமோ என்னவோ.

மேலும், “நல்லவர் கையில், பயிற்சி பெற்றவர் கையில் இருந்தால் ஆபத்தில்லை” என்பர். கல்பாக்கத்தை மறந்தனர் போலும். 2014 அக்டோபர் 8 அன்று அங்குள்ள அணுமின் நிலையப் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர், தம் படைக்குரிய துப்பாக்கியால் உடன் பணிபுரிந்தோர் மூவரைச் சுட்டுக் கொன்றார், இருவர் காயமுற்றனர். அவர் ஆளறியாத் திருடரல்லர். தேர்வும் மருத்துவச் சோதனையும் பயிற்சியும் கடந்து வந்தவர். பணிச்சுமையா, மனச்சுமையா, மேலதிகாரியோடு பிணக்கா என்று அன்று பலவாறாகப் பேசப்பட்டது. இவற்றுள் எது உண்மையாயினும், அத்தகைய சுமை நம் லயன் வீடுகளில் எவருக்கு இல்லை? விதிவசமாக அன்று காலை அவர் கையில் துப்பாக்கி இருந்தது.

வெலிங்டனில் நாள்தோறும் இதற்கான பாடம் நடக்கின்றது, நாம்தான் கவனிப்பதில்லை. சுடுவதையே தொழிலாகக் கற்கும் படைவீரர் தம் துப்பாக்கியைத் தலையணையடியில் வைத்து உறங்குவதில்லை. பயிற்சி முடிந்ததும் அது எண்ணப்பட்டு, ஆயுதக் கிடங்கில் பூட்டப்படுகின்றது. விடுமுறையில் ஊர் செல்லும்போது அவர் வெறுங்கையோடு செல்கின்றார். படைக்கே தேவைப்படும் பூட்டு நமக்கு வேண்டாமா? அருவங்காட்டைப் பற்றியும் இங்கே ஒரு சொல். அங்கு 1904 முதல் இயங்கிவரும் கார்டைட் தொழிற்சாலையில் குண்டை உந்தும் வெடிமருந்து செய்யப்படுகின்றது. நம் குடும்பங்கள் பல அந்த ஊதியத்தில் உண்டு, படித்து, ஆளானவை. ஆகவே கை கழுவிய தூயவராய் நின்று நாம் பேசவில்லை. அம்மருந்தின் ஆற்றல் என்னவென்று அறிந்த ஊரார் என்ற முறையிலேயே பேசுகின்றோம்.

வீட்டிலிருக்கும் துப்பாக்கி பிறரை மட்டும் குறிவைப்பதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மையே சுட்டுக்கொண்டு மாள்கின்றனர். இவ்விடத்தில் நம்மில் பலரின் பூர்வ உறவுகள் வாழும் இலங்கையை நினைக்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்பின் தாயகம் திரும்பி, இம்மலையில் குடியேறிய முதியோர் அறிவர்: அங்குத் தோட்டங்களிலும் வயற்புறங்களிலும் ஒரு கணச் சினத்தில் பயிர்மருந்தைக் குடித்து மாண்டவர் எத்தனை பேர்! 1995 அளவில் அத்தீவின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த நிலைகளுள் ஒன்றாய் இருந்தது. அரசு கொடிய நஞ்சுடைய பயிர்மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. கடன் ஒழிந்துவிடவில்லை, குடி ஒழிந்துவிடவில்லை, கணவன் மனைவி பூசல் ஒழிந்துவிடவில்லை, நடுவில் ஒரு பெரும்போர்கூட நடந்தது. கைக்கு அருகிலிருந்த கொடிய நஞ்சு மட்டும் அகன்றது. அந்த ஒரு கணம் கடந்தது, மனிதர் பிழைத்தனர். உள்ளம் மாறினாலன்றி ஒன்றும் மாறாது எனக் கூறும் நம் மறையுரையாளர்கள் இந்த ஒரு செய்தியைச் சிந்திப்பார்களாக. உள்ளம் மாற உயிரோடு இருக்க வேண்டுமன்றோ?

குடகைக் காட்டி வாதிடுவோரும் உளர். அங்குக் குடவர்களும் ஜம்மா நிலமுடையோரும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். 2019இல் அவ்விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. கைல்போல்து விழாவில் ஆயுதத்திற்கு மலர் சூட்டி வணங்குகின்றனர். அங்கு யாரும் பள்ளியில் புகுந்து சுடவில்லையே என்கின்றனர். ஒப்புக்கொள்வோம். அங்கு அக்கருவி குலத்தின் கண்காணிப்பிலும் சடங்கின் கட்டிலும் தலைமுறைகளாக நிற்பது. அக்கட்டுப்பாட்டை ஆட்சியர் அலுவலக முத்திரை நமக்கு வழங்கிவிடுமா? டாஸ்மாக் கடை மூடும் நேரத்தில் நம் ஊர்த் தெருக்களைப் பார்த்தவர் விடை சொல்லட்டும்.

ஆஸ்திரேலியாவிலும் வேளாண்மக்கள் உண்டு. பயிரைத் தின்னும் விலங்குகளும் உண்டு. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அந்நாடு விரைந்து சுடும் வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்து, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை விலைகொடுத்து வாங்கி அழித்தது. துப்பாக்கி வேண்டுவோர் தக்க காரணம் காட்ட வேண்டும்; தற்காப்பு என்பது அங்குக் காரணமாகாது. 2025 திசம்பரில் சிட்னியின் பாண்டிக் கடற்கரையில் யூதர்களின் விழாவில் 15 பேர் கொல்லப்பட்டதைக் காட்டி, சட்டம் தோற்றது என்பர் சிலர். அந்நாட்டு அரசோ அப்படி நினைக்கவில்லை. விட்ட இடைவெளியை அடைக்கச் சட்டத்தை மேலும் இறுக்கவே முற்பட்டது. நம் நாடாளுமன்றமும் 2019இல், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. குறைக்கும் திசையில் உலகம் நடக்கையில் நாம் பெருக்கும் திசையில் மனு எழுதுகின்றோம்.

ஒன்று கேட்போம். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் இம்மாவட்டத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு ஆணை வருகின்றது. எச்சிலும் சேறும் தெறிக்கும் அந்த வாரங்களில் மனிதரின் சினத்தை நம்புவதற்கில்லை என்பது அரசுக்குத் தெரியும். தோட்டத் துரைமாரும் மறுப்பின்றிச் சென்று ஒப்படைக்கின்றனர். அந்த வாரங்களில் காட்டுப்பன்றி விரதமா இருக்கின்றது? சினத்திற்குத் தேர்தல் பருவம் மட்டும்தானா உண்டு? பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, மகள் வேற்றுச் சாதியாரை மணந்த சேதி, இவற்றுக்கெல்லாம் தேர்தல் ஆணையம் நாள் குறித்து அறிவிப்பதில்லையே.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவிடம் வாள் இருந்தது. அவர் கெட்டவரல்லர், தம் ஆண்டவரைக் காக்கவே அதை உருவினார். வெட்டுண்டது ஒரு பணியாளனின் காது. வாளை உறையிலிடச் சொன்ன ஆண்டவர் அக்காதைத் தொட்டு நலமாக்கினார். துப்பாக்கிக் குண்டு துளைத்த நெஞ்சைத் தொட்டு நலமாக்க நம் முற்றத்தில் எவர் இருக்கின்றார்?

ஒப்பமிட மறுத்தவர் வேறு வழி கூற வேண்டும் என்பது நியாயமே. 2014இல் தொட்டபெட்டாப் புலியைச் சுட்டது அரசுக் குழு. 2021இல் மசினகுடி, கூடலூர்ப் பகுதியில் நால்வர் உயிரைக் குடித்ததாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை, மூன்று வாரத் தேடலின்பின் மயக்க ஊசியால் உயிரோடு பிடித்ததும் அரசின் வனத்துறையே. அந்த மூன்று வாரங்களை மூன்று நாள்களாக்கும் ஆள்பலத்தை ஏன் நாம் கேட்கவில்லை? தூர்ந்துபோன யானை அகழியைத் தூர்வாரக் கேட்போம். பழுதான சூரிய மின்வேலியை யார் பழுது பார்ப்பது என்று கேட்போம். பயிர் அழிந்தவருக்கு இழப்பீடு அடுத்த விதைப்புக்குமுன் வந்து சேரக் கேட்போம். விடியலில் வேலைக்குச் செல்வோருக்குத் தோட்ட நிர்வாகம் வண்டி தரக் கேட்போம். துப்பாக்கி உரிமம் தருவது அரசுக்கு எளிது. ஒரு முத்திரையோடு தன் கடமையை அது நம் தோளில் இறக்கிவிடும். நாம் கேட்பது அதற்குச் செலவு வைக்கும்.

இக்கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கின்றோம். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் அதே முற்றத்தில், அதே பெரியவரிடம் முதலில் நீட்டுவோம். பேனாவும் நம்முடையதே.