வற்றிய மடை புகட்டும் பாடம்

இங்கிலாந்தில், தெவைசசு ஊரையடுத்த கேன் குன்றில், 29 பூட்டுமடைகள் படிப்படியாய் அமைந்து படகுகளை 237 அடி உயர்த்துகின்றன. இரென்னி என்னும் பொறிஞர் வகுத்த கென்னட்டு-ஏவன் கால்வாயின் பகுதியாக அவை 1810-இல் நிறைவுற்றன. இருப்புப்பாதை வந்தபின் வாணிகம் குன்றிற்று, மடைகள் பாழ்பட்டன. 1950-களில் ஆட்சியாளர் கால்வாயை மூட முனைந்தபோது மக்கள் எதிர்த்தெழுந்தனர். பல்லாண்டு உழைப்பும் பொருளும் ஈந்து மீட்டனர். 1990-இல் கால்வாய் மீண்டும் திறக்கப்பெற்றது.

அந்நாட்டில் குளிர்காலச் செப்பனிடலின்போது சில மடைகளை வற்றச்செய்து, பொதுமக்களை அடித்தளம்வரை இறங்கிக் காணவிடுகின்றனர். ஆங்கு நிற்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். இரு கதவங்களும் மேல்நீரை நோக்கிக் கூராய் இணைவதால், நீரின் அழுத்தமே அவற்றை இறுக மூடுகின்றது. சுவர் இருநூறாண்டு நிற்கும். கருவாலிமரக் கதவமோ ஏறத்தாழ 25 ஆண்டில் இற்றுப்போம்.

ஆதலின் தலைமுறைதோறும் புதுக்கதவம் செய்தாகல் வேண்டும். "பழையதைக் காட்சிப்பொருளாய் வைத்தால் போதாதோ?" என்பார் உளர். போதாது. ஒரு தலைமுறை செய்யாதொழியின், மரத்தோடு தச்சன் கைத்திறனும் மாயும். பின்னர்ச் செய்ய விழைவார்க்குக் கற்பிப்பார் இரார். முன்னோர் செய்ததைப் போற்றுதல் எளிது. அதனைத் தாமும் செய்து மக்கட்குக் கைம்மாற்றித் தருவதே காப்பு.