‘மூலம்தான்’ என்று யார் சொன்னது?



மலத்தில் ரத்தம் போனால் நம் ஊர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ராஜபாளையம் ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆனாலும், ‘மூலம், பவுத்திரம்’ விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்தே நோய்க்கு நாமே பெயர் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் தங்கை இறந்தது மலக்குடல் புற்றுநோயால்தான். அந்தத் துயரம்தான் 1954-ல் சென்னை அடையாறில் அவர் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்து.

மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, நெஞ்சு எரிகிறது, ‘அல்சர்’ என்று மெடிக்கலில் கேஸ் மாத்திரை. கொஞ்ச நாள் கேட்கும், மறுபடி எரியும். இரைப்பைப் புற்றுநோயின் எரிச்சல்கூட இந்த மாத்திரையில் சில நாள் அடங்கிப்போகும், அதுதான் ஆபத்து. பசி குறைந்து உடம்பு இளைத்தால், ரத்தசோகை என்றால், மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் தாமதிக்காதீர்கள். புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு இரைப்பைப் புற்றுநோயிலும் பெரும் பங்கு உண்டு. அதை இரண்டு வார மருந்தில் ஒழித்துவிடலாம்.

சாப்பாடு இறங்கும் விதத்தை வீட்டில் சமைக்கிறவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். முதலில் புரோட்டா நெஞ்சில் நிற்கும், தண்ணீர் குடித்தால் போய்விடும். அடுத்து, சாப்பிடுகிறவர் சோற்றைக் குழைய வடிக்கச் சொல்வார். அப்புறம் கஞ்சி மட்டும். கஞ்சி வரைக்கும் காத்திருக்கவே கூடாது; புரோட்டா நிற்கும்போதே உணவுக்குழாயைப் பார்த்துவிட வேண்டும். வலியே இல்லாமல் மஞ்சள் காமாலை வந்து, உடம்பு அரித்து, மலம் வெளுத்துப்போனால் கீழாநெல்லியோடு நிற்காமல் ஸ்கேன் எடுங்கள். கணையத்திலோ பித்தக்குழாயிலோ அடைப்பு இருக்கலாம்.

‘குழாய் விடுவார்கள்’ என்ற பயத்தில் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் போக வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, இடப்பக்கம் படுக்க வைப்பார்கள். குமட்டும், ஆனால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் சதையைக் கிள்ளி எடுப்பது வலிக்காது, அந்தப் பயாப்ஸிதான் நோயை உறுதி செய்யும். பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும், கஷ்டம் அதுதான். ஆனால் பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சியை (பாலிப்) அப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

ஆரம்ப நிலைக் குடல் புற்றுநோய்க்குப் பலருக்கு ஆபரேஷன் மட்டுமே போதும். முற்றியதற்கு கீமோ, மலக்குடல் என்றால் கதிர்வீச்சும் சேரும். எல்லாருக்கும் நிரந்தரமாக வயிற்றில் மலம் சேரும் பை வைக்க வேண்டியதில்லை.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் குடல், இரைப்பைக்குத் தனி அறுவைப் பிரிவு உண்டு. மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு புற்றுநோய் மையமும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைக்கு உதவும். போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட், பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். எழுதத் தெரிந்த, பயப்படாத ஒருவர் கூடவே போவதும் நல்லது; டாக்டர் சொல்வதை அவர் எழுதிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்