லைஃப் ஜாக்கெட்டில் ஏன் அந்த வாடை? படகில் ஒரு மூடியைக் கவனிங்க!

அண்ணாமலையார் தரிசனம், கிரிவலம் எல்லாம் முடிந்த மறுநாள் ஜவ்வாதுமலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. ஜமுனாமரத்தூர் போய்விட்டு, கோமுட்டேரியில் படகு ஏறாமல் திரும்பப் பிள்ளைகள் விடுவார்களா? ஏலகிரி, ஏற்காடு போனாலும் இதே கதைதான்.

படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள். ஈரமும் பூஞ்சை வாடையும் மூக்கைத் துளைத்தால், ‘பத்து நிமிஷம்தானே’ என்று பலர் அதை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். படகு கவிழச் சில நொடிகள் போதும். அந்த நேரத்தில் ஜாக்கெட்டைத் தேடி எடுத்து மாட்டுவது நடக்காத காரியம். அது முன்பே உடம்பில் இருக்க வேண்டும்.

மோட்டார் படகுகளில் ஜாக்கெட், கயிறு போன்றவற்றைச் சீட்டுக்கு அடியில் மூடி போட்ட அறையில் வைப்பது வழக்கம். வாடைக்குப் பல நேரம் அந்த மூடிதான் காரணம்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

மூடியைச் சுற்றிச் சின்னக் கால்வாய் மாதிரி ஒரு பள்ளமும், தண்ணீர் வடிய ஒரு துளையும் இருக்கும். இலை, மண், கடலைத் தோல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிரம்பி அறைக்குள் வழியும். பழைய டூத் பிரஷ் போதும், சுத்தம் செய்துவிடலாம்.

அடுத்தது, ஓரத்து ரப்பர். வெயிலிலும் அழுத்தத்திலும் தட்டையாகிவிடும். ஒரு துண்டுப் பேப்பரை இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இப்படியே சுற்றிலும் பார்த்துவிட்டு ரப்பரை மாற்றலாம். கிரீஸ் தடவக் கூடாது, பல வகை ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் ஸ்பிரே நல்லது.

மூடி திறக்கவில்லையா?

ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் ஃபைபர் ஓரம் உடையும். ஒருவர் மூடியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் தாழ்ப்பாளைத் திருப்பட்டும். அழுத்தம் குறைந்ததும் பெரும்பாலும் திறந்துகொள்ளும். அடிக்கடி இப்படி ஆனால், கீல் ஸ்க்ரூ தளர்ந்து மூடி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கிய மூடி தானாக விழுந்தால், அதைத் தாங்கும் தண்டு வலுவிழந்துவிட்டது. பிள்ளைகளின் விரல் பத்திரம்!

ஈர ஜாக்கெட்டை அப்படியே உள்ளே போட்டால் புது ரப்பரும் காப்பாற்றாது. நிழலில் காயவைத்த பிறகே வைக்க வேண்டும். சவாரி நேரத்தில் அந்த அறைக்குப் பூட்டும் கூடாது.

பயணிகள் செய்ய வேண்டியது

கரையை விட்டுக் கிளம்பும் முன், “அண்ணா, எல்லாருக்கும் ஜாக்கெட் இருக்கா? பிள்ளைங்க சைஸ்ல இருக்கா?” என்று கேளுங்கள். கிழிந்ததோ, பக்கிள் உடைந்ததோ, நாறுவதோ கொடுத்தால் வேறு கேட்டு வாங்குங்கள். மாட்டி, பக்கிள் போட்ட பிறகு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம்.